குழந்தையின் ரத்த ரிப்போர்ட்டில் ஆறு இடத்தில் தடித்த எழுத்து

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது, எடை 12 கிலோ. இரண்டு மாதம் முன்பு காய்ச்சல் வந்தபோது ரத்தம் எடுத்ததில் ஹீமோகுளோபின் 10.0 என்று வந்தது, இரும்புச்சத்து சிரப் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு நாள் விடாமல் கொடுத்தும் இப்போது 10.2தான். எம்.சி.வி 60, கிரியாட்டினின் 0.3, பிளேட்லெட் 1,10,000 எல்லாம் குறைவு என்றும், லிம்போசைட் 61 சதவீதம், அல்கலைன் பாஸ்பேட்டேஸ் 290 இரண்டும் அதிகம் என்றும் தடித்த எழுத்தில் இருக்கிறது. நெட்டில் தேடினால் ரத்தப் புற்றுநோய் என்று வருகிறது. கல்லீரலிலும் கோளாறா, கிட்னியிலுமா? குழந்தை நன்றாக ஓடியாடி விளையாடுகிறாள். எங்களுக்குத்தான் இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. முழு ரிப்போர்ட்டையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் நீங்கள் தூங்குவதற்கான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறில் மூன்று, உங்கள் மகளுடைய வயதின் குணம், நோயே இல்லை. ஒன்று ரத்தம் எடுத்த விதத்தால் வந்த குளறுபடி என்றுதான் தோன்றுகிறது. மிச்சம் இரண்டுக்குத்தான் காரணம் தேட வேண்டும், அதுவும் அவசரமில்லாமல்.

பல லேப்களில் மெஷின், பக்கத்தில் அச்சடித்திருக்கும் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து, தாண்டினால் தடித்த எழுத்தில் போட்டுவிடும். அந்த அளவு பெரும்பாலும் பெரியவர்களுக்கானது. உங்கள் ரிப்போர்ட்டிலேயே பாருங்கள், லிம்போசைட்டுக்கு 20 முதல் 40 என்று போட்டிருக்கிறார்கள். அது எனக்கும் உங்களுக்கும் சரி. பிறந்த சில நாட்களிலேயே குழந்தைகளின் வெள்ளை அணுக்களில் லிம்போசைட்டின் கை ஓங்கிவிடும், நான்கைந்து வயது வரை அப்படியேதான் இருக்கும், அப்புறம் மெல்ல நம்மைப் போல மாறும். இரண்டரை வயதில் 61 என்பது சர்வ சாதாரணம். மொத்த வெள்ளை அணுக்கள் 9,800, அதுவும் சரி. ஸ்மியர் என்று கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள் இல்லையா, அதில் சந்தேகப்படும்படியான அணு எதுவும் இல்லை என்றும் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். நெட்டில் தேடும் யாரும் அந்தப் பக்கத்தைத் தேடுவதில்லை.

அல்கலைன் பாஸ்பேட்டேஸ் கல்லீரலில் மட்டும் வருவதல்ல, வளரும் எலும்பிலிருந்தும் வரும். வளர்கிற பிள்ளைக்கு 290 இருக்கத்தான் செய்யும். கல்லீரலின் நலத்தைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி, பிலிருபின் இரண்டும் சரியாக இருப்பதால் கல்லீரலை மறந்துவிடுங்கள். கால் வளைந்திருந்தாலோ மணிக்கட்டு தடித்திருந்தாலோ வைட்டமின் டி குறைவா என்று பார்க்கலாம், மற்றபடி ஒன்றுமில்லை.

கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. 12 கிலோ குழந்தைக்குத் தசை எவ்வளவு இருக்கும்? கிட்னி பழுதானால் அது கூடும், குறையாது. இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு, இதே குழந்தைக்கு 1.0 என்று வந்திருந்தால் பெரியவர்களின் அளவுக்குள் அடங்கி, தடித்த எழுத்தே விழுந்திருக்காது, ஆனால் நான் அன்றைக்கே கூப்பிட்டு அனுப்பியிருப்பேன். அதனால் தடித்த எழுத்தை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் தப்பு, அது இல்லாததைப் பார்த்து நிம்மதியாவதும் தப்பு.

பிளேட்லெட்டுக்கு வருவோம். குழந்தை கையை உதறி அழ, ஊசி நரம்பில் சரியாக நிற்காமல் ரத்தம் சொட்டுச் சொட்டாக வந்ததா? ஊதா மூடி போட்ட குட்டி டியூபில் ரத்தம் உறையாமலிருக்க மருந்து இருக்கும், உடனே மெதுவாகக் கவிழ்த்துக் கலக்காவிட்டால் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திட்டுத்திட்டாகிவிடும், மெஷின் அவற்றை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. உங்கள் ஸ்மியரில் 'பிளேட்லெட் திட்டுகள் உள்ளன' என்று ஒரு வரி இருக்கிறது. உடம்பில் காரணமில்லாத நீலத் தடிப்போ, ஈறில் ரத்தமோ இல்லை என்றால் நல்ல சாம்பிளில் ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும்.

சரி, இப்போது முக்கியமான கதை. ஹீமோகுளோபின் 10.2, இந்த வயதுக்கு 11 இருக்க வேண்டும், ஆகவே லேசான ரத்தசோகைதான். எம்.சி.வி என்பது சிவப்பணுவின் அளவு, 60 என்றால் ரொம்பச் சிறியது. இந்த இரண்டையும் பார்த்ததும் இரும்புச்சத்துக் குறைவு என்று சிரப் எழுதியது தப்பே இல்லை, நானும் அதைத்தான் செய்திருப்பேன், நம் ஊரில் பத்தில் பெரும்பாலானவை அதுதான். ஆனால் துப்பு இன்னொரு வரியில் இருக்கிறது, அதில் தடித்த எழுத்து இல்லாததால் உங்கள் கண்ணில் படவில்லை. சிவப்பணுக்களின் எண்ணிக்கை 5.4 மில்லியன்.

இட்லியை வைத்துச் சொல்கிறேன். மாவு பற்றாமல் போனால் இட்லியும் சின்னதாகும், எண்ணிக்கையும் குறையும். இரும்புச்சத்துக் குறைவு அப்படி. மினி இட்லித் தட்டில் ஊற்றினால் ஒவ்வொன்றும் சின்னது, ஆனால் எண்ணிக்கை ஏராளம். தலசீமியா மைனர், அதாவது ஹீமோகுளோபின் உருவாவதில் பெற்றோரிடமிருந்து வரும் ஒரு சின்ன மரபணுக் குறை, அப்படி. எம்.சி.வி-யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், மென்ட்சர் இன்டெக்ஸ் என்று பெயர், 13-க்கு மேல் வந்தால் இரும்புப் பக்கம் சாயும், கீழே வந்தால் தலசீமியா பக்கம். 60 வகுத்தல் 5.4, சுமார் 11. இது கை காட்டும், தீர்ப்புச் சொல்லாது, இரண்டும் சேர்ந்தே இருக்கிற குழந்தைகளும் உண்டு.

அதனால் மரபணுவின் மேல் பழி போடுவதற்கு முன் சிரப்பை விசாரித்துவிடுவோம். பாட்டிலில் 'எலிமென்டல் அயர்ன்', அதாவது மருந்தில் உள்ள நிஜ இரும்பு, 5 மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள், எடை கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற கணக்கில் உங்கள் மகளுக்கு ஒரு நாளைக்கு 36 வேண்டும். பழைய இருமல் மருந்தின் மூடியில் ஊற்றிப் பாதி அளவே கொடுத்து வந்த ஒரு அம்மாவைப் பார்த்திருக்கிறேன். பாலோடு கொடுத்தால் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது, ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கிற குழந்தைக்குச் சோறும் இறங்காது. அளவும் முறையும் சரியென்றால் ஒரு மாதத்திலேயே ஹீமோகுளோபின் 1 கிராம் ஏறியிருக்க வேண்டும். எல்லாம் சரியாகக் கொடுத்தும் ஏறவில்லை என்றால் அதுவே ஒரு பரிசோதனை முடிவு மாதிரிதான்.

அடுத்து இரண்டு டெஸ்ட். ஒன்று ஃபெரிட்டின், உடம்பின் இரும்புக் கையிருப்பு. காய்ச்சல், சளி இல்லாத நாளில் எடுங்கள், காய்ச்சலில் அது பொய்யாக ஏறிக் காட்டும். நல்ல உடம்பில் 12-க்குக் கீழே என்றால் இந்த வயதில் குறைவு. இன்னொன்று ஹெச்.பி.எல்.சி, ஹீமோகுளோபினின் வகைகளைப் பிரித்துக் காட்டும் டெஸ்ட், அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வரி 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தலசீமியா மைனர் என்று எடுத்துக்கொள்ளலாம். இரும்பு குறைவாக இருக்கும்போது ஏ2 கொஞ்சம் இறங்கிக் காட்டும், அதனால் ஃபெரிட்டினைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் செலவில்லாத ஒரு வேலை உண்டு. உங்கள் பிரசவ ஃபைலை எடுத்து, அதில் இருக்கும் ரத்த ரிப்போர்ட்டில் உங்கள் எம்.சி.வி எவ்வளவு என்று பாருங்கள். 80-க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் கணவருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடலாம். மைனர் என்பது அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வருவது, நோயல்ல. பள்ளிக்கூடம், விளையாட்டு, தடுப்பூசி எதற்கும் தடையில்லை, ரத்தம் ஏற்ற வேண்டியதில்லை. இரும்பு உண்மையில் குறைந்தாலொழிய சிரப்பும் வேண்டாம். ஆனால் நீங்கள் இருவரும் மைனர் என்றால் அடுத்த ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு மேஜர் வர வாய்ப்பு, அது வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்றுகிற நோய். மாமன் மகன், அத்தை மகள் என்று சொந்தத்தில் கட்டியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டாவது குழந்தைக்குத் திட்டம் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள், கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலேயே சிசுவுக்குப் பரிசோதனை செய்ய வழி இருக்கிறது.

குழந்தை வெளிறிக்கொண்டே போனால், வாரக்கணக்கில் காய்ச்சல் விடாவிட்டால், கால் வலி என்று நடக்க மறுத்தால், கழுத்தில் கட்டியோ உடம்பில் நீலத் தடிப்போ தெரிந்தால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் உடனே நேரில் காட்டுங்கள்.

அடுத்த தடவை ரத்தம் எடுக்கப் போகும்போது வயிறு காயவைத்துக் கூட்டிப் போக வேண்டாம், நன்றாகத் தண்ணீர் கொடுத்து, கையைக் கொஞ்சம் சூடாகத் தேய்த்துவிடுங்கள், நரம்பு தெரியும். பிளேட்லெட் எண்ணிக்கை, ஃபெரிட்டின், ஹெச்.பி.எல்.சி மூன்றையும் ஒரே சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள், ஒரே குத்தில் முடிந்துவிடும்.