புது இடத்தில் மிரளும் குதிரை: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் விவசாயம் செய்கிறேன். அந்தியூர் சந்தையில் கத்தியவார் இனப் பெண் குதிரை ஒன்று வாங்கினோம். இப்போது அவளுக்கு ஆறு வயது. தோட்டத்தில் சின்னப் பிள்ளைகூடப் பிடித்து நடத்தலாம், அவ்வளவு சாது. ஊர் எல்லையைத் தாண்டினால் வேறு குதிரை ஆகிவிடுகிறாள். தலையைத் தூக்கிக் கனைக்கிறாள், வியர்த்துக் கொட்டுகிறது, தண்ணீரைத் தொடுவதில்லை, இளக்கமாக லத்தி போட்டுக்கொண்டே இருக்கிறாள். போகும்போது பேசாமல் கடந்த வைக்கோல் போரைத் திரும்பும்போது பார்த்து எகிறுகிறாள். மாசி மாதம் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு வண்டியில் ஏற்றிப் போனோம். மேளம் தொடங்கியதும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

ஊரில் ஒரு பெரியவர், "கூட்டத்துக்கு நடுவில் குட்டைக் கயிற்றில் ராத்திரி முழுக்கக் கட்டிப்போடு, எகிறினால் சாட்டையை எடு, விடிவதற்குள் அடங்கிடும்" என்கிறார். இன்னொருவர் சுழி சரியில்லை, விற்றுவிடு என்கிறார். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு அவளைக் கொண்டுபோக வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. நீங்கள் கால்நடை மருத்துவராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன். என்ன செய்யலாம்?

(பெயர் வெளியிடவில்லை)

அன்புள்ள தம்பி,

பெரியவர் சொன்ன வைத்தியம் வேண்டாம். அவர் சொல்வது நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஓர் இரவு அப்படிக் கட்டிப்போட்டால் விடியும்போது அவள் அசையாமல் நிற்கக்கூடும். பணியில் இருந்த காலத்தில் அப்படி நின்ற குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். கண்ணில் உயிர் இருக்காது, காது தொங்கிப் போயிருக்கும், ஈ உட்கார்ந்தால்கூட உதறாது. என்ன செய்தாலும் தப்பிக்க முடியாது என்று முயற்சியையே விட்டுவிட்ட குதிரை அது. பயம் அப்படியே உள்ளே இருக்கும். தலையைத் தூக்குவது, கனைப்பது, காதைத் திருப்புவது என்று நமக்கு முன்கூட்டியே காட்டிக்கொண்டிருந்த அடையாளங்கள்தான் போயிருக்கும். பிறகு ஒரு நாள் எதுவும் காட்டாமல் பாய்ந்துவிடும். பிள்ளைகள் நிற்கும் கூட்டத்தில் அதைவிட ஆபத்து வேறில்லை.

இந்த யோசனை எங்கிருந்து வருகிறது என்பதும் புரிகிறது. நம் பக்கம் மாட்டைப் பற்றி ஆழமான அறிவு உண்டு. காளையை வசக்குகிற பழக்கத்தைக் குதிரைக்கும் கொண்டுபோகிறார்கள். ஆனால் காளைக்குக் கொம்பு இருக்கிறது, நின்று எதிர்க்கும். குதிரைக்கு ஓட்டம்தான் காவல். ஓடவே முடியாமல் அதைக் கட்டிப்போட்டால், உயிருக்கே ஆபத்து என்றுதான் அதற்குத் தோன்றும். அதோடு, குதிரை நின்றபடியே கண்ணயரும் என்றாலும் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். பாதுகாப்பு என்று தோன்றாத இடத்தில் படுக்காது. குட்டைக் கயிற்றில் படுக்கவும் முடியாது. ஆக, அந்த இரவு முழுக்கத் தூக்கம் கிடையாது, தண்ணீரும் குடிக்க மாட்டாள். சாட்டையைப் பற்றி கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார்: பயந்த குதிரையை அடித்தால், எதைப் பார்த்துப் பயந்ததோ அதுதான் வலியையும் கொடுத்தது என்று அது நினைத்துக்கொள்ளும். மேளம் கேட்டால் முதுகில் அடி விழும் என்று அவளுக்கு நாமே ஏன் கற்றுக்கொடுக்க வேண்டும்?

சுழியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். தோட்டத்தில் சாதுவாக இருக்கும்போதும் அதே சுழி அவள் உடம்பில்தான் இருக்கிறது.

பழக்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மருத்துவரைத் தோட்டத்துக்கே வரவழைத்து அவள் கண்ணைப் பரிசோதியுங்கள். வீட்டில் சாது, வெளியே கலவரம் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது கண்ணைப் பற்றித்தான். பார்வை மெல்லக் குறைந்துவரும் குதிரை தன் கொட்டடியையும் வரப்பையும் வாய்க்காலையும் மனப்பாடமாக வைத்திருக்கும். அங்கே குறை வெளியே தெரியாது. தெரியாத இடத்துக்குப் போனதும் தடுமாறும், நாம் அதைக் குணம் என்று சொல்லிவிடுவோம். குதிரைகளுக்குக் கண்ணின் உள்ளே வீக்கம் வந்து வந்து போகும் நோய் ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை வரும்போதும் பார்வையில் கொஞ்சத்தைக் கொண்டுபோய்விடும். கண்ணில் நீர் வடிவது, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொள்வது, கண்மணியில் நீலம் பாய்ந்த மாதிரி மங்கல், இவற்றில் ஏதாவது உண்டா என்று பாருங்கள். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வருவதற்குத்தான் மிரள்கிறாள் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பல் கூராகி வாயைக் கிழிக்கிறதா, சேணம் எங்காவது அழுத்துகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். வலியோடு இருக்கும் குதிரைக்குப் பயம் சீக்கிரம் வரும்.

அந்த வைக்கோல் போர் விஷயம் பார்வைக் கோளாறாக இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்து 2021-ல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. குழந்தைகள் விளையாடும் பெரிய பிளாஸ்டிக் சாமான் ஒன்றைக் குதிரைகளுக்கு நன்றாகப் பழக்கினார்கள். பிறகு அதையே வேறு பக்கமாகத் திருப்பிவைத்தார்கள். குதிரைகள் அதைப் புதிதாகப் பார்ப்பதுபோலவே மிரண்டன. போகும்போது பார்த்த வைக்கோல் போரும் திரும்பும்போது பார்ப்பதும் அவளுக்கு வேறு வேறு. ஆகவே எந்தப் பாதையைப் பழக்கினாலும் இரண்டு திசையிலும் பழக்குங்கள். இன்னொன்று, வெயிலிலிருந்து நிழலுக்கு வந்தால் குதிரையின் கண் பழகுவதற்கு நம் கண்ணைவிட அதிக நேரமாகும். பந்தலுக்குள்ளோ மண்டபத்துக்குள்ளோ நேரே இழுத்துப் போகாமல் விளிம்பில் சில நிமிடம் நிறுத்திவையுங்கள்.

சரி, இனி பழக்குவதற்கு வருவோம். நான் சொல்ல நினைப்பதில் முக்கியமானது இதுதான்: அவள் பயத்தின் உச்சிக்குப் போவதற்கு முன்பே நீங்கள் திரும்ப வேண்டும். திருவிழாவில் தொடங்காதீர்கள், உங்கள் வரப்பு முடியும் இடத்தில் தொடங்குங்கள். சவாரி வேண்டாம். நீளமான கயிற்றில், அவள் தோளுக்குப் பக்கத்தில் நடங்கள். எங்கேயோ ஓர் இடத்தில் இரண்டு காதும் ஒரே பக்கம் குத்திட்டு நிற்கும், கழுத்து உயரும், மூச்சு ஒரு கணம் நிற்கும், காலடி சுருங்கும். அவளுடைய எல்லை அது. அங்கேயே நில்லுங்கள். முன்னால் இழுக்க வேண்டாம், திட்ட வேண்டாம், கயிற்றைத் தளர்வாக விட்டு அவள் பார்க்கட்டும் என்று காத்திருங்கள். கழுத்து தாழும், பெருமூச்சு விடுவாள், வாயை மெல்லுவாள், சில சமயம் புல்லில் வாய் வைப்பாள். அந்த நேரத்தில் திரும்பி வீட்டுக்கு வந்துவிடுங்கள். எகிறிய பிறகு திரும்பினால், எகிறினால் வீடு கிடைக்கும் என்று கற்றுக்கொள்வாள். அமைதியானதும் திரும்பினால், அமைதியாவதற்குப் பலன் உண்டு என்று கற்றுக்கொள்வாள். மறுநாள் அந்த எல்லை கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். சில நாள் பின்னாலும் வரும். அதில் ஏமாற்றம் வேண்டாம்.

பயம் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்கிற சங்கதி. மாசியில் அவளுக்கு வண்டி, புது ஊர், கூட்டம், மேளம் என்று நாலும் ஒரே நாளில் வந்தன. மேளம் மட்டும்தான் காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது, அது கடைசியாக வந்தது, அவ்வளவுதான். ஒவ்வொன்றையும் தனியாகப் பழக்க வேண்டும். மேளச் சத்தத்தைத் தோட்டத்திலேயே, தூரத்தில், மெதுவாக, அவள் தீனி தின்னும் நேரத்தில் போன் ஸ்பீக்கரில் வையுங்கள். தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் சத்தம் அதிகம் என்று அர்த்தம், குறைத்துவிடுங்கள்.

நாடித்துடிப்பு பார்க்கக் கற்றுக்கொள்வது நல்லது. கீழ்த்தாடை எலும்பின் அடிப்பக்கம் விரல் வைத்தால் ரத்தக்குழாய் தட்டுப்படும். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். வீட்டில் அவளுக்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டால், வெளியில் அவள் உண்மையில் ஆறிவிட்டாளா, வெறுமனே நிற்கிறாளா என்பது தெரிந்துவிடும்.

கழுத்தில் படபடவென்று தட்டிக்கொடுப்பதைவிடச் சொறிந்துவிடுவது நல்ல பலன் தரும். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில்தான் குதிரைகள் ஒன்றை ஒன்று பல்லால் சொறிந்துகொள்ளும். அந்த இடத்தில் சொறிந்தால் இதயத்துடிப்பு குறைகிறது என்று 1993-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். அப்புறம், இரண்டடி பின்னால் போவது, பக்கவாட்டில் திரும்புவது, தலையைத் தாழ்த்துவது போன்ற சின்ன வேலைகளை வீட்டில் நன்றாகப் பழக்கிவையுங்கள். புது இடத்தில் அவளுக்குத் தெரிந்த வேலையைக் கேட்டால் கவனம் உங்களிடம் திரும்பும்.

வீட்டில் வேறு குதிரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், எதற்கும் அசராத வயதான மட்டக்குதிரை யாரிடமாவது இருந்தால் அதையும் கூட அழைத்துப் போங்கள். பயம் இல்லாத துணையோடு போன குதிரைகள் குறைவாகவே மிரண்டன என்று டென்மார்க்கில் செய்த ஆய்வு ஒன்று 2008-ல் வெளிவந்தது. துணை பழகிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தள்ளி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அது இல்லாமல் நகரவே மாட்டாள்.

துணை என்றதும் உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2009-ல் சுவீடனிலிருந்து வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்களைக் குதிரையோடு ஒரே பாதையில் நான்கு முறை போய்வரச் சொன்னார்கள். நான்காம் முறைக்கு முன், இப்போது குதிரை கடக்கும்போது ஒரு குடையை விரிக்கப்போகிறோம் என்றார்கள். ஆட்களின் இதயத்துடிப்பு ஏறியது, குதிரைகளுடையதும் ஏறியது. குடையை யாரும் விரிக்கவே இல்லை. மாசியில் நடந்ததற்குப் பிறகு நீங்கள் அவளை வெளியே கொண்டுபோகும்போது உங்கள் கை தானாகவே கயிற்றை இறுக்கும், மூச்சு மேலே நிற்கும். அது இயல்புதான். ஆனால் அவளுக்கு அது தெரிந்துவிடும். பதற்றம் இருக்கும் நாளில் வரப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடக்கும்போது மூச்சை நீளமாக வெளியே விடுங்கள், பாட்டு வந்தால் பாடுங்கள். பாடுகிறவர் மூச்சைப் பிடித்துவைக்க முடியாது.

கயிறு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரல் போய்விடும். மிரண்டிருக்கும் குதிரையை அசையாத கம்பத்தில் கட்டாதீர்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கம்பத்தில் ஒரு சணல் வளையம் போட்டு அதில் கட்டுங்கள். இழுத்தால் சணல்தான் அறும், கழுத்துக்கு ஒன்றும் ஆகாது.

ஏற்றிப்போனது குட்டியானை வண்டியில்தான் என்று நினைக்கிறேன். முதலில் வண்டியைத் தோட்டத்தில் நிறுத்தி அதற்குள் தீனி வைத்துப் பழக்குங்கள். தரையில் வழுக்காத ரப்பர் பாய் வேண்டும். தலையை உயரத் தூக்கிக் கட்டி நீண்ட தூரம் கொண்டுபோகக் கூடாது. தலையைத் தாழ்த்த முடியாத குதிரைக்கு மூச்சுக்குழாயில் சேரும் அழுக்கு வெளியேறாமல் நுரையீரலில் சீழ் பிடிக்கும். தண்ணீர் குடிக்காததை நான் மிரள்வதைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தண்ணீர் குறைந்து குடலில் தீனி அடைத்துக்கொண்டால் வயிற்றுவலியில் புரண்டு புரண்டே செத்துப்போகும். புறப்படுவதற்குச் சில நாள் முன்பிருந்தே வீட்டில் கொடுக்கும் தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்துக் கொடுங்கள். வெளியூரிலும் அதே வாளியில் அதே வெல்லத் தண்ணீர் கொடுத்தால் தயக்கம் குறையும். அவள் தின்று பழகிய சோளத்தட்டையும் கூடவே கொண்டுபோங்கள்.

மயக்க ஊசி போட்டுக் கொண்டுபோகலாம் என்று யாராவது சொல்வார்கள். மருத்துவர் நேரில் பார்த்துப் போடாத எதையும் அனுமதிக்காதீர்கள். கால் தடுமாறும், ரத்த அழுத்தம் இறங்கும், மனதிலுள்ள பயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்த ஆடிக்கு அவளை அந்தியூருக்குக் கொண்டுபோக வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். வீட்டில் எல்லோருக்கும் ஏமாற்றமாக இருக்கும், தெரிகிறது. ஆனால் அந்தத் திருவிழாச் சந்தையின் கூட்டமும் ஒலிபெருக்கியும் நூற்றுக்கணக்கான அந்நியக் குதிரைகளும் இப்போதைய நிலையில் அவளால் தாங்கக்கூடியவை அல்ல. அடுத்த ஆடிக்கு முன் பக்கத்துத் தோட்டம், டீக்கடை ரோடு, கூட்டமில்லாத நாளில் கோயில் வாசல், சின்ன ஊர்ச் சந்தையின் ஓரம் என்று ஒவ்வொன்றாக அவள் பார்த்து முடிக்கட்டும். விற்பதைப் பற்றிக் கண் பரிசோதனைக்குப் பிறகு யோசிக்கலாம். அப்படி விற்றாலும், வாங்குகிறவரிடம் அவள் மிரள்வதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மருத்துவர் பார்த்த பிறகு அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள். கண்ணில் கோளாறு என்றால் மேலே சொன்ன பழக்கும் முறையைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும்.

அன்புடன்