ஐசோலூசின் ஏறாத டிஆர்என்ஏ: விடுபட்டிருக்கும் நொதி

வணக்கம். ஈ. கோலை பாக்டீரியாவின் சிறுபான்மை ஐசோலூசின் டிஆர்என்ஏவை (ஐசோலூசின் என்னும் அமினோ அமிலத்தைப் புரத உருவாக்கத்துக்குச் சுமந்து செல்லும் ஆர்என்ஏக்களில் குறைந்த அளவில் இருப்பதை) டி7 பாலிமரேஸ் என்னும் ஆர்என்ஏ உருவாக்கும் நொதி கொண்டு சோதனைக் குழாயில் படியெடுத்ததாகவும், அதில் ஐசோலூசினுக்குப் பதிலாக மெத்தியோனின் என்னும் வேறோர் அமினோ அமிலம் ஏறுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதில் உங்கள் கைத்தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. படியெடுப்புக்குப் பின் வரவேண்டிய ஒரு நொதிதான் விடுபட்டிருக்கிறது.

மரபணுவில் இந்த டிஆர்என்ஏவின் எதிர்க்குறியன் (தூது ஆர்என்ஏவின் மூன்றெழுத்துக் குறியனோடு இணையும் மூன்று எழுத்துகள்) சிஏயு, அதாவது மெத்தியோனினுக்கு உரிய எழுத்துகள். உயிருள்ள செல்லில் டில்எஸ் என்னும் நொதி, எதிர்க்குறியனின் முதல் எழுத்தான 34-ஆம் இடத்துச் சைட்டிடினின் இரண்டாம் கார்பனிலுள்ள ஆக்சிஜனை ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு கொண்டு அடினைலேற்றம் செய்து (அதாவது ஏடிபியின் ஒரு பகுதியை அதில் இணைத்து), பின்னர் லைசின் என்னும் அமினோ அமிலத்தின் பக்கச் சங்கிலி அமினோ தொகுதியை அந்தக் கார்பனில் இணைத்து, லைசிடின் என்னும் மாற்றப்பட்ட எழுத்தை உருவாக்குகிறது. அதன்பிறகு மெத்தியோனின் ஏற்றும் நொதி இதை ஏற்பதில்லை, ஐசோலூசின் ஏற்றும் நொதி ஏற்றுக்கொள்கிறது; படிக்கப்படும் குறியனும் ஏயுஜியிலிருந்து ஏயுஏவாக மாறுகிறது. ஒரே காரத்தில் நிகழும் மாற்றம் இவ்விரண்டையும் தீர்மானிக்கிறது என்பது 1988-இல் வெளிவந்தது. நொதி அடையாளம் காணப்பட்டது 2003-இல். இந்தத் துறையில் இதைவிட அழகான சான்றை நான் அறியேன்.

ஆகவே டில்எஸ்ஸைத் தனியே தூய்மைப்படுத்தி, உங்கள் டிஆர்என்ஏவை லைசின், ஏடிபி, மக்னீசியம் ஆகியவற்றுடன் அந்த நொதியில் வினைபுரியச் செய்த பிறகு ஐசோலூசின் ஏற்றத்தை அளந்து பாருங்கள். லைசின் சேர்க்காத ஒரு குழாயை ஒப்பீட்டுக்கு வையுங்கள். கதிரியக்க லைசின் கிடைக்குமானால் மாற்றத்தையே நேரடியாக அளக்கலாம். ஒப்பீட்டுக்காக டில்எஸ் மரபணுவை நீக்கிய ஈ. கோலையைத் தேட வேண்டாம், அது இல்லாமல் அந்த பாக்டீரியா வாழாது.