மீட்டர் லட்சத்தைத் தாண்டிவிட்டது, ஆயிலை மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 2009 மாடல் வேகன் ஆர், 1.1 லிட்டர் பெட்ரோல் வண்டி இருக்கிறது. 1,34,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பத்தாயிரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன். நடுவில் முக்கால் லிட்டர் அளவுக்கு ஊற்ற வேண்டியிருக்கிறது. இரண்டு மூன்று நாள் எடுக்காமல் விட்டு ஸ்டார்ட் செய்தால் லேசாக நீலப்புகை வந்து நின்றுவிடும். டெக்சாஸில் இருக்கும் மாப்பிள்ளை, "ஹை மைலேஜ் ஆயில் போடுங்க மாமா" என்கிறார். மெக்கானிக்கோ, "அதெல்லாம் எதுக்கு சார், 20டபிள்யூ-50 ஊத்திடலாம், புகை நின்னுடும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? ஹை மைலேஜ் ஆயில் போட்டால் மைலேஜும் கூடுமா?
– வாசகர், கோவை

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஹை மைலேஜ் ஆயிலால் பெட்ரோல் ஒரு சொட்டும் மிச்சமாகாது. நமக்கு மைலேஜ் என்றால் லிட்டருக்கு வண்டி எவ்வளவு கொடுக்கிறது என்பது. அமெரிக்காவில் மீட்டரில் ஏறிய மொத்தத் தூரத்துக்கும் அதே சொல்தான். நிறைய ஓடிய வண்டிக்கான ஆயில் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். டப்பாவில் 'ஹை மைலேஜ்' என்று பார்த்ததுமே லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடும் என்று கணக்குப் போட்டவர்கள் என் பட்டறைக்கும் வந்திருக்கிறார்கள்.

வால்வோலின் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் மேக்ஸ்லைஃப் என்ற பெயரில் இந்த வகையைக் கொண்டுவந்தது. பிறகு மற்றவர்களும் இறங்கினார்கள். 75,000 மைல், அதாவது சுமார் 1,20,000 கிலோமீட்டர் தாண்டிய வண்டிகளுக்கு என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டைத் தாண்டிய மறுநாளே இன்ஜின் கிழடாகிவிடாது. நெடுஞ்சாலையிலேயே ஓடி இரண்டு லட்சம் தொட்ட வண்டியில் சொட்டு ஆயில் குறையாததைப் பார்த்திருக்கிறேன். ஷெட்டிலேயே கிடந்து நாற்பதாயிரம் மட்டுமே ஓடிய இருபது வருட வண்டியில், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் எல்லாமே விறைத்துப்போயிருந்ததையும் பார்த்திருக்கிறேன். ரப்பர் சூட்டிலும் கெடும், வயதிலும் கெடும். மீட்டருக்கு அதில் பாதிதான் தெரியும்.

இந்த ஆயிலில் சாதாரண ஆயிலைவிடக் கூடுதலாக இருப்பவற்றில் முக்கியமானது, ரப்பர் சீலை இளக்கும் சேர்மானம். பழைய வால்வ் சீல் ஒன்றைக் கழற்றும்போது மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி விரலில் அழுத்திப் பாருங்கள். புதியது ரப்பராக வளையும். பழையது பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அப்பளமாக உடையும். இடையில் ஒரு நிலை உண்டு: விறைத்திருக்கும், ஆனால் கிழிந்திருக்காது. காய்ந்த தோல் செருப்பில் எண்ணெய் தடவினால் இளகுமே, அதுபோல அந்த நிலையில் இருக்கும் சீலை இந்தச் சேர்மானம் கொஞ்சம் உப்ப வைத்து இளக்கும். கசிவு குறையும். கிழிந்த செருப்பு எண்ணெயில் ஒட்டாது. கிழிந்த சீலும் அப்படித்தான். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருந்தால் அதற்கும் இது மருந்தில்லை. இதைத் தவிர அழுக்கு கரைக்கும் பொருளும் தேய்மானத் தடுப்பும் கொஞ்சம் தாராளமாக இருக்கும், அதே கிரேடுக்குள் சற்றுக் கெட்டியான பக்கமாகவும் கலந்திருப்பார்கள்.

ஆகவே ஆயில் எங்கே போகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். ஒழுகுகிறதா, எரிகிறதா? ராத்திரி வண்டிக்கு அடியில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்துவிடுங்கள். காலையில் சொட்டு எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்து, நேர் மேலே டார்ச் அடியுங்கள். ஆனால் ஆயில் மேலிருந்து வழிந்து எங்கோ போய்ச் சொட்டும் என்பதால் இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவர் ஓரத்தையும் தடவிப் பாருங்கள். விரலில் கருப்புப் பிசுக்கு ஒட்டினால் டேப்பட் கவர் பேக்கிங் போய்விட்டது. அதை மாற்றுவது சின்ன வேலை. அதற்குப் போய் விலை கூடின ஆயில் வாங்குவானேன்?

எரிகிறது என்றால், எப்போது புகைகிறது என்பதுதான் சாட்சி. நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலமாக வந்து மறைந்தால், நின்ற நேரத்தில் வால்வ் தண்டு வழியாக ஆயில் இறங்கியிருக்கிறது, வால்வ் சீல் விறைத்திருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் புகைந்தால் ரிங். நீங்கள் கோவைக்காரர், உங்களுக்கு ஒரு நல்ல பரிசோதனைச் சாலையே இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது செகண்ட் கியரில், ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் கொஞ்ச தூரம் வாருங்கள். அப்போது இன்டேக் பக்கம் உறிஞ்சல் பலமாக இருக்கும். வால்வ் சீல் தளர்ந்திருந்தால் அந்த உறிஞ்சலில் ஆயில் உள்ளே போகும். சமதளம் வந்ததும் மிதியுங்கள், பின்னால் வருபவரிடம் கேளுங்கள். ஒரே ஒரு நீலக் குபுக் என்றால் வால்வ் சீல்தான்.

இன்னொன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: பிசிவி வால்வ். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் சின்னச் சாமான். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். கழற்றிக் காதருகே ஆட்டினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் மாற்றுங்கள். இதை மாற்றியதோடு ஆயில் குறைவது நின்ற வண்டிகள் உண்டு.

உங்கள் மெக்கானிக் சொன்னதை நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். அம்பாசடர், பத்மினி காலத்தில் 20டபிள்யூ-50 சரியான ஆயில், நானே டின் டின்னாக ஊற்றியிருக்கிறேன். கெட்டி ஆயில் இடுக்கில் மெதுவாகத்தான் இறங்கும், புகையும் குறையும், அதில் பொய் இல்லை. ஆனால் சீல் அப்படியே விறைத்துத்தான் இருக்கும். டப்பாவில் கடைசியாக வரும் எண், 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதற்கானது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு அது). 50 என்றால் 16.3லிருந்து 21.9க்குள். 30க்கு அமைத்த இன்ஜினில் 50ஐ ஊற்றினால் கெட்டித்தன்மை ஒன்றரை மடங்குக்கு மேல் போகலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் வரைக்கும் ஆயில் ஏறத் தாமதமாகும், பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். புகையை மறைக்கப் போய் தேய்மானத்தை வாங்கிக்கொள்வானேன்? சூடான வண்டி சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்கினால் முதலில் பிரஷர் கேஜ் மாட்டி அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் உண்மையிலேயே குறைவு என்றால் ஒரு படி, 30லிருந்து 40க்கு, அதுவும் கையேட்டில் அனுமதி இருந்தால் ஏறலாம். உங்களுக்கு அந்த நிலை இல்லை.

உங்கள் வண்டிக்கு என் கணக்கு இது. பத்தாயிரத்துக்கு முக்கால் லிட்டர் என்பது பதினைந்து வயது தாண்டிய இன்ஜினுக்குப் பெரிய குறையே இல்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடித்தால்தான் நான் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். ஸ்டார்ட்டிங்கில் மட்டும் புகை என்பதால் வால்வ் சீல் விறைக்கத் தொடங்கியிருக்கிறது, இன்னும் முழுதாகப் போகவில்லை. ஹை மைலேஜ் ஆயிலுக்கென்றே அமைந்த கேஸ் இது. மாப்பிள்ளை சொன்னது இந்த முறை சரி. பிசிவியையும் டேப்பட் கவர் பேக்கிங்கையும் முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு கையேட்டில் உள்ள அதே கிரேடில், ஏபிஐ தரம் எஸ்என் அல்லது எஸ்பி என்று போட்ட ஹை மைலேஜ் ஆயில் கிடைத்தால் போடுங்கள். எல்லாக் கடையிலும் இருக்காது. கிடைக்காவிட்டாலோ இரண்டு மடங்கு விலை சொன்னாலோ விட்டுவிடுங்கள். அதே கிரேடில் நல்ல சாதாரண ஆயிலை ஏழாயிரத்து ஐந்நூறுக்கு ஒருமுறை மாற்றினாலே வண்டி நன்றாக இருக்கும்.

போட்ட அன்றே புகை நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரப்பர் இளகச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஆகும். டிப்ஸ்டிக்கை மேல் கோட்டுக்கு நிரப்பி, மீட்டரை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, ஆயிரத்துக்கு ஒருமுறை சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். இரண்டு முறை ஆயில் மாற்றிய பிறகும் அதே முக்கால் லிட்டர் போகிறது என்றால் வால்வ் சீலையே மாற்றிவிடலாம். சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிப் பிடித்து, ஹெட்டை இறக்காமலே மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். ஒரேயடியாகத் தள்ளிப்போடவும் வேண்டாம். தொடர்ந்து எரியும் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் சைலன்சர் பக்கம் இருந்து புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். சீலைவிட அது பல மடங்கு செலவு.

புது ஆயில் போடும் முன் 'இன்ஜின் ஃப்ளஷ் பண்ணிடலாம்' என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் பழைய காரில் நானே அதைச் செய்தேன். ஆயிலைச் சரியாக மாற்றாத வண்டி, உள்ளே தார் மாதிரிக் கசடு. ஃப்ளஷ் அதை மொத்தமாகப் பெயர்த்து, சம்பில், அதாவது இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தட்டில், இருக்கும் வடிகட்டியில் கொண்டுபோய் அடைத்தது. மூன்றாம் நாள் ஆயில் விளக்கு எரிந்தது. சம்பைக் கழற்றிச் சுரண்டி எடுத்தது என் செலவில்தான். ஹை மைலேஜ் ஆயிலும் கசடைக் கரைக்கும், ஆனால் மெதுவாக. உள்ளே கசடு அதிகம் என்று தெரிந்தால் முதல் முறை மட்டும் மூவாயிரத்திலேயே ஃபில்டரோடு மாற்றிவிடுங்கள்.

கேனில் மிஞ்சும் ஆயிலை இறுக மூடி டாப்-அப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பைக் இருந்தால் அதில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். பைக்கில் கிளட்சும் அதே ஆயிலில்தான் முங்கிக் கிடக்கிறது. கார் ஆயிலில் வழுக்கலுக்காகச் சேர்க்கும் பொருள் இருந்தால் கிளட்ச் நழுவத் தொடங்கும். பைக்குக்கு ஜாசோ எம்ஏ என்ற ஜப்பானியத் தரம் போட்ட ஆயில் தனியாக இருக்கிறது.