லாரி ஃபிளின்ட் படம்: எந்த டிஸ்க்கை வாங்குவது?

மிலோஷ் ஃபோர்மன் இயக்கி 1996-ல் வந்த ‘தி பீப்பிள் வெர்சஸ் லாரி ஃபிளின்ட்’ பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ‘ஹஸ்லர்’ என்ற ஆபாசப் பத்திரிகையை நடத்தி, அமெரிக்க நீதிமன்றங்களோடு வருடக்கணக்கில் மல்லுக்கு நின்ற பதிப்பாளரின் கதை இது.

பழைய டிவிடி மலிவாகக் கிடைக்கிறது. ‘ஸ்பெஷல் எடிஷன்’ என்று போட்டிருப்பதற்கு இரு மடங்கு விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா? – வாசகர், கும்பகோணம்

கொடுக்கலாம். 2003-ல் வந்த அந்தப் பதிப்பில் படம் முழுக்க ஓடும் ஆடியோ கமென்ட்ரி இரண்டு உண்டு. ஒன்றில் திரைக்கதை எழுதிய ஸ்காட் அலெக்சாண்டரும் லாரி கராஸ்ஸெவ்ஸ்கியும் பேசுகிறார்கள். மற்றதில் ஃபிளின்ட்டாக நடித்த வுடி ஹாரல்சன், கோர்ட்னி லவ், எட்வர்ட் நார்ட்டன். நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எழுத்தாளர்களுடையதைக் கேளுங்கள். நடிகர்களின் பேச்சைவிட அதில்தான் சரக்கு அதிகம். கூடவே ஆவணப்படங்களும் நீக்கப்பட்ட காட்சிகளும் இருக்கின்றன.

ஆனால் அட்டையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பழைய டிஸ்க் கடைகளில் உறை ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்பது சகஜம். கடையிலேயே போட்டு, படம் ஓடும்போது ரிமோட்டில் ஆடியோ பொத்தானை அழுத்திப் பாருங்கள். கமென்ட்ரி தடங்கள் இரண்டும் வர வேண்டும். பிறகு டிஸ்க்கைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஊதா சாயல் அடித்தால் அது வீட்டில் எழுதிய பிரதி. கம்பெனி அச்சு வெள்ளியாகவோ, இரண்டு அடுக்கு என்றால் லேசான பொன்னிறமாகவோ இருக்கும். ஒற்றை அடுக்கில் 4.7 ஜிபி, இரட்டை அடுக்கில் 8.5 ஜிபி பிடிக்கும். 129 நிமிடப் படத்தை 4.7 ஜிபிக்குள் திணித்தால், ஒலியையும் சேர்த்தே நொடிக்குச் சராசரியாக 5 மெகாபிட்கூடத் தேறாது. இருட்டுக் காட்சிகளில் சுவரெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிவது அதனால்தான்.

லண்டனிலிருந்து வந்த டிவிடி 124 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இணையத்தில் 129 என்கிறார்கள். சென்சாரில் வெட்டிவிட்டார்களா? – வாசகி, யாழ்ப்பாணம்

வெட்டில்லை, வேகம். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம். பிரிட்டனில் வழங்கிய ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறை நொடிக்கு 25. அங்கே டிவிடி போடும்போது படத்தையே 25-க்கு ஓட்டிப் பதிவார்கள். 129-ஐ 24 ஆல் பெருக்கி 25 ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 124 வரும். குரல்களும் சற்றே உச்சத்துக்குப் போகும். இசைக் காது உள்ளவர்கள் சுருதி ஏறியிருப்பதைப் பிடித்துவிடுவார்கள்.

நிஜமாகவே வெட்டியிருக்கிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. அமெரிக்கப் பதிப்போ ப்ளூரேயோ கையில் இருந்தால், ஒரே காட்சி இரண்டிலும் எந்த நிமிடத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வேகம்தான் காரணம் என்றால் வித்தியாசம் சீராக ஏறும்: அரை மணி நேரத்தில் சுமார் 72 நொடி, ஒரு மணி நேரத்தில் 2 நிமிடம் 24 நொடி. நடுவில் எங்காவது திடீரென்று எகிறினால் அந்த இடத்தில் கத்தரி விழுந்திருக்கிறது. ப்ளூரேயில் பொதுவாக இந்தக் குழப்பம் இல்லை, 24 சட்டகமாகவே பதிவார்கள்.

அமெரிக்க டிவிடியைப் போட்டால் ‘ரீஜன் தவறு’ என்கிறது. – வாசகர், மதுரை

ரீஜன் என்பது டிஸ்க் எந்த நாடுகளில் ஓடலாம் என்று போடும் பூட்டு. அமெரிக்க டிவிடிக்கு ரீஜன் 1, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் 5. ரீஜன் பூட்டு இல்லாத பிளேயர் வேண்டும். கணினி டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்றலாம். ஐந்தாவது மாற்றத்தோடு அப்படியே பூட்டிக்கொள்ளும், ஆகவே விளையாட்டுக்கு மாற்றிப் பார்க்காதீர்கள். ப்ளூரேயில் அமெரிக்கா ஏ, இந்தியா சி. 4கே டிஸ்க்குக்கு ரீஜனே கிடையாது.

படம் ஓடியும் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் அது ரீஜன் கோளாறு அல்ல. பழைய பால் டிவிக்கு அமெரிக்க முறையான என்டிஎஸ்சி வண்ணம் புரியவில்லை. பிளேயரின் மெனுவில் டிவி முறையை ‘பால்’ என்று மாற்றிவிடுங்கள். பழைய 4:3 டிவியில் ஆட்கள் ஒல்லியாக நீண்டு தெரிந்தால், அதே மெனுவில் திரை வடிவம் 16:9-ல் நிற்கிறதா என்று பாருங்கள், 4:3 ஆக்குங்கள்.

படத்தில் காட்டுவதெல்லாம் நடந்ததா? – சட்டக் கல்லூரி மாணவர், சென்னை

தீர்ப்புகள் நடந்தவை. ஆட்களைத்தான் சுருக்கியிருக்கிறார்கள். எட்வர்ட் நார்ட்டன் நடித்த ஆலன் ஐசக்மேன் உண்மையான வழக்கறிஞர், ஆனால் படத்தில் அவர் பல வக்கீல்களின் கலவை. 1977-ல் சின்சினாட்டியில் நடந்த ஆபாச வழக்கில் ஃபிளின்ட்டுக்காக வாதாடியவர் ஹெரால்ட் ஃபாரிங்கர். 1978 மார்ச் 6 அன்று ஜார்ஜியாவின் லாரன்ஸ்வில்லில் ஃபிளின்ட்டோடு குண்டடி பட்டவர் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர். படத்தில் அந்தக் குண்டும் ஐசக்மேன் கணக்கில் போகிறது. சுட்டது தானே என்று பின்னாளில் ஒப்புக்கொண்டவன் ஜோசப் பால் ஃபிராங்க்ளின், வெள்ளை இனவெறியன். வேறொரு கொலைக்காக 2013-ல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேறியது.

அமெரிக்க உச்சநீதிமன்றப் பகுதியை நம்பிப் பார்க்கலாம். 1983 நவம்பர் இதழில் கம்பாரி மது விளம்பரத்தைப் பகடி செய்து, மதபோதகர் ஜெர்ரி ஃபால்வெல்லைப் பற்றி அருவருப்பான பொய்ப் பேட்டி ஒன்று போட்டார்கள். கீழே சிறிய எழுத்தில் ‘பகடி, நம்ப வேண்டாம்’ என்ற குறிப்பும் இருந்தது. யாரும் அதை உண்மை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் ஜூரி அவதூறு இல்லை என்றது, ஆனால் மனவேதனைக்காக 2 லட்சம் டாலர் தரச் சொன்னது. 1988 பிப்ரவரி 24 அன்று உச்சநீதிமன்றம் 8–0 என்று அதை ரத்து செய்தது. எழுதியவர் தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட், பழமைவாதி என்று பெயர் எடுத்தவர். அந்த வாதத்தின் ஒலிப்பதிவு பொதுவில் கிடைக்கிறது. படத்தைப் பார்த்த கையோடு கேளுங்கள், எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று தெரியும்.

பத்திரிகைதான் படத்தில் குறைவாக வருகிறது. ‘ஹஸ்லர்’ பெண்களை எப்படிக் காட்டியது என்பதைப் படம் வெள்ளையடித்துவிட்டது என்று பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனம் 1997 ஜனவரியில் கடுமையாக எழுதினார். அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது.

உங்கள் பாடத்துக்கு ஒரு தொடர்பும் உண்டு. ஃபால்வெல் தீர்ப்பு 1964-ன் நியூயார்க் டைம்ஸ் – சல்லிவன் வழக்கின் மேல் நிற்பது. பொய் என்று தெரிந்தோ, உண்மையா என்று கவலைப்படாமலோ எழுதினால்தான் பொது அதிகாரி அவதூறு வழக்கில் வெல்லலாம் என்றது அது. அதே சல்லிவன் வழக்கை எடுத்துக்காட்டித்தான் நம் உச்சநீதிமன்றம் 1994-ல் நக்கீரன் ராஜகோபால் வழக்கில், ஆட்டோ சங்கர் தன்வரலாற்றை வெளிவரும் முன்பே அதிகாரிகள் தடுக்க முடியாது என்றது.

ஃபிளின்ட்டே நடித்திருக்கிறாராமே? – வாசகர், கோலாலம்பூர்

ஆம். சின்சினாட்டியில் ஹாரல்சனுக்கு 25 வருடம் தண்டனை விதிக்கும் நீதிபதி மோரிசி அவர்தான்.

வாங்கிய டிஸ்க்கில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. சோப்பு போடலாமா? – வாசகி, நாகப்பட்டினம்

போடலாம். குழாய்த் தண்ணீரில் நனைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, விரல் நுனியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீளும். பிளேயரின் பிழைதிருத்தத்தால் அதை ஈடுகட்ட முடியாது. குறுக்கே விழும் கீறலைப் பெரும்பாலும் தாண்டிவிடும். பஞ்சுத்துணியால் ஒற்றி எடுங்கள். நெயில் பாலிஷ் நீக்கியை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், பாலிகார்பனேட் பனி படர்ந்தாற்போல மங்கிவிடும். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டியது, தகவல் நடுவில் இருக்கிறது. கழுவிய பிறகும் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் காபிக்கறை போல ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை அல்ல. ஒட்டுக்குள் காற்று புகுந்து உலோகப் பூச்சு அரிக்கிறது. அதற்கு மருந்தில்லை, கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.