ரிடையர் ஆனால் ஞாபகமும் ரிடையர் ஆகிவிடுமா?

அப்பா ஓய்வு பெற்று ஆறு மாதம்தான் ஆகிறது, பெயர்களையெல்லாம் மறக்கிறார், வேலையை விட்டதுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ரிடையர் ஆகி நான்கு வருடமான ஆள். அதனால் உங்கள் அப்பா பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

கணக்குப் பிரிவில் 33 வருடம் இருந்தேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம், பக்கத்து மேஜையில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தவரின் பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்து, கேட்காமலேயே வந்தது. பயந்துபோய்ப் படிக்க ஆரம்பித்தேன்.

பிரிட்டன் அரசு ஊழியர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த 'வைட்ஹால் 2' ஆய்வில் ஒரு முடிவு 2018இல் வந்தது. வார்த்தைகளை நினைவில் வைக்கும் திறன், ஓய்வுக்கு முன்பைவிடப் பின்பு 38 சதவீதம் வேகமாகக் குறைந்ததாம். உடனே பதற வேண்டாம். மெதுவாக இறங்கியது இன்னும் கொஞ்சம் வேகமாக இறங்கியது, அவ்வளவுதான். யோசித்துத் தீர்க்கும் திறனில் ஓய்வால் அப்படி ஒரு சரிவு தெரியவில்லை. என்னை உறுத்தியது வேறு: பெரிய பதவியில் இருந்தவர்களுக்கு வேலை பார்த்தவரை ஞாபகம் மெதுவாகத்தான் குறைந்தது. ஓய்வுக்குப் பின் அந்தச் சலுகை போய், எல்லோரும் ஒரே வேகத்தில் இறங்கினார்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மறதி தொடங்கிய சிலர் சமாளிக்க முடியாமல் சீக்கிரமே வேலையை விடுவார்கள். அங்கே மறதிதான் முதலில் வந்தது, ஓய்வு பிறகு. எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவும் இல்லை. உடம்பையும் மனதையும் கசக்கிப் பிழிந்த வேலையிலிருந்து விடுபட்டுத் தெளிவானவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

என் அனுபவத்தில் காரணம் ஓய்வு அல்ல, கேட்பதற்கு ஆள் இல்லாததுதான். அலுவலகத்தில் "போன வருஷம் அந்த பில்லை ஏன் திருப்பி அனுப்பினோம்?" என்று யாராவது வந்து நிற்பார்கள், நான் தோண்டி எடுத்தே ஆக வேண்டும். வீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. செவ்வாயும் வியாழனும் ஒரே மாதிரி இருந்தால், எதைப் பிடித்துக்கொண்டு நினைவு வைப்பது? சுடோகு போட்டுப் பார்த்தேன். சுடோகுவில்தான் கெட்டிக்காரன் ஆனேன். இப்போது இரண்டு இளைஞர்களுக்குக் கணக்குப்பதிவு சொல்லித் தருகிறேன். போன வாரம் சொன்னதற்கு மாறாகச் சொன்னால் பிடித்துவிடுவார்கள். அது உதவுகிறது.

அப்பாவிடம் "இவர் யார், சொல்லுங்கள்" என்று பரீட்சை மட்டும் வைக்காதீர்கள், கூசிப்போவார். பழகிய வழியில் தடுமாறுகிறார், சற்று முன் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார், பணக் கணக்கில் குழம்புகிறார் என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் இவற்றாலும் மறதி வரும், சரிசெய்யவும் வழி உண்டு. காதையும் சோதித்துவிடுங்கள். நான் மறந்துவிட்டதாக என் மனைவி சொன்னதில் பாதி, என் காதிலேயே விழாதவை.