பொடி நைசானால் பலம் கூடுமா?

கேள்வி: உமிக்கட்டி அடிக்கும் மெஷினின் திருகுக்கு டங்ஸ்டன் கார்பைடு முனைகளை 3டி பிரிண்டிங்கில் செய்து வாங்குகிறோம். இந்த முறை வந்தது "இன்னும் நைசான பொடி, பலம் ஜாஸ்தி" என்றார்கள். அதுதான் சீக்கிரம் உடைந்தது. ஏன்? - மன்னார்குடி வாசகர்

பதில்: எது நைசு என்று கேட்டீர்களா? பிரிண்டர் பரப்பும் உருண்டைகள் பொதுவாக 15 முதல் 45 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அவற்றுக்குள், ஒட்டவைக்கும் உலோகமான கோபால்ட்டோடு சேர்ந்திருக்கும் கார்பைடு மணிகள் 1 மைக்ரான் சுமாருக்குத்தான் இருக்கும். பொரி உருண்டை வேறு, பொரி வேறு. மணி சிறுத்தால் இடையிலுள்ள கோபால்ட் படலம் மெலிந்து கடினம் கூடும், பெரும்பாலும் வளைவு வலிமையும் கூடும். விரிசலைத் தாங்கும் தன்மை குறையும். விற்றவர் சொன்னது இந்த மட்டில் சரி.

உருண்டையையே சிறுக்க வைத்தால்தான் வம்பு. 10 மைக்ரானுக்குக் கீழே போனால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, திட்டுத்திட்டாகப் பரவும். பசை தெளித்து அடுக்கும் முறையில், சூளைக்குப் போகுமுன் துண்டில் ஏறக்குறைய பாதி காற்றுதான். 1,400 டிகிரி வாக்கில் கோபால்ட் உருகி, நீளம் 20 சதவீதத்துக்கு மேல் சுருங்கி, சின்ன இடைவெளிகள் மூடிவிடும். பரப்பும்போதே விழுந்த பெரிய பள்ளம் மிஞ்சிவிடலாம். முறிவு அங்கேதான் பிடிக்கும். ஓட்டை 4 மடங்கு பெரிதானால் முறியும் வலிமை பாதியாகும். மணியைச் சிறுக்க வைத்துச் சேர்த்த பலமெல்லாம் ஒரே ஒரு 40 மைக்ரான் ஓட்டையில் போய்விடும்.

கார்பனும் இடிக்கும். நைசான பொடியில் ஆக்சிஜன் அதிகம். சூளையில் அது கார்பனைத் தின்றுவிடும். டங்ஸ்டன் கார்பைடில் எடைக்கு 6.13 சதவீதம் கார்பன் வேண்டும். குறைந்தால் ஈட்டா என்ற நொறுங்கும் கலவை உண்டாகும்.

உடைந்த முகத்தை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். அடுக்குக்கு இணையாக ஓட்டைகள் வரிசை கட்டி நின்றால் பரப்பலில்தான் கோளாறு. துண்டைக் காற்றிலும் தண்ணீரிலும் நிறுத்து அடர்த்தியும் கணக்கிடுங்கள்: 12 சதவீத கோபால்ட் என்றால் கன சென்டிமீட்டருக்கு 14.3 கிராம் அருகில் வர வேண்டும். 14.0 என்றால் 2 சதவீதம் ஓட்டை. ஈட்டா இருக்கிறதா என்று பார்க்க, பாலிஷ் செய்த முகத்தில் முரகாமி என்ற அரிப்புக் கரைசலைச் சில விநாடிகள் வைக்கச் சொல்லுங்கள்; இருந்தால் முதலில் நிறம் மாறுவது அதுதான்.

உமியின் சிலிக்கா அரிக்கத்தான் செய்யும், ஆனால் கூடவே கல்லும் வருகிறதே! கல் மோதினால் விரிசலையும் தாங்க வேண்டும், மணி ரொம்பச் சிறுக்கக் கூடாது. எனவே அடுத்த ஆர்டரில் உருண்டை 15-45, மணி 1-2 மைக்ரான், ஆர்கான் வாயு அழுத்தத்தில் சின்டரிங் (சூளையில் சுட்டு இறுக்குவது) என்று மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: ஐப்பசி அடைமழையில் மிஞ்சிய கார்பைடு பொடி கட்டி தட்டுகிறது. திரும்பப் போடலாமா? - கும்பகோணம் வாசகர்

பதில்: 63 மைக்ரான் சல்லடையில் சலித்து, வேக்குவம் அடுப்பில் உலர்த்துங்கள். பிறகு 50 கிராமை 2.5 மில்லிமீட்டர் துளைப் புனலில் விட்டு, புது டின் திறந்தபோது ஆன நேரத்தோடு ஒப்பிடுங்கள். விட்டுவிட்டு இறங்கினால் போடாதீர்கள். சலிக்கும்போது என்95 மாஸ்க்காவது கட்டாயம். கோபால்ட் கலந்த கார்பைடு தூசு நுரையீரலைக் கெடுக்கும். மேசையை ஏர் கன்னால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.