பூட்டுப் படம் இருந்தால் கடையை நம்பலாமா?

கேள்வி: வட்ஸ்அப்பில் வந்த இணைப்பொன்றில் சலவை இயந்திரத்தைக் கடைவிலையில் பாதிக்குப் போட்டிருக்கிறார்கள். '256 பிட் குறியாக்கம், முழுப் பாதுகாப்பு' என்று பூட்டுப் படமும் இருக்கிறது. வங்கி அட்டை விவரம் கொடுக்கலாமா? கூல்பார் வைஃபையில் இருந்துதான் ஓடர் பண்ண வேண்டும், அதுவும் பயமாக இருக்கிறது.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வைஃபையை விடுங்கள். எனக்குப் பயம் அந்தக் கடையில்தான்.

முகவரி 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கினால், உங்கள் போனும் தளமும் முதலில் சில எண்களை வெளிப்படையாகவே பரிமாறும். அவற்றோடு தன்னிடம் மட்டும் உள்ள இரகசிய எண்ணையும் சேர்த்து, அனுப்பும் விவரங்களைப் பூட்டித் திறக்க இரு பக்கமும் ஒரே சாவியைக் கணக்கிட்டு எடுக்கும். பக்கத்து மேசைக்காரர் பரிமாறிய எண்களை எல்லாம் பிடித்தாலும் அந்தச் சாவி அவருக்குக் கிடைக்காது. குறியாக்க ஆய்வாளர்கள் டிஃபி, ஹெல்மன் இருவரும் 1976இல் வெளியிட்ட வழி இது. அதற்கு முன் சாவியை எப்படியாவது முன்கூட்டியே ஒப்படைத்திருக்க வேண்டும். இன்று காலிமுகத்திடலில் நின்றபடி முன்பின் தெரியாத கடைக்கு அட்டை இலக்கம் அனுப்ப முடிவது இதனால்தான்.

ஆனால் அனுப்புவது யாருக்கு? தளத்தின் சான்றிதழ் உறுதிப்படுத்துவது பெரும்பாலும் ஒன்றைத்தான்: இந்த முகவரி இந்தத் தளத்துக்குரியது. கடைக்காரர் நேர்மையானவரா, இயந்திரம் கையிருப்பில் உண்டா என்று அது பார்ப்பதில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற அமைப்புகள் சான்றிதழை இலவசமாகவே தருகின்றன. கள்ளத் தளமும் சில நிமிடங்களில் எடுத்துவிடும். உங்கள் அட்டை இலக்கம் வழியில் யார் கண்ணிலும் படாமல் நேரே கள்ளன் கைக்குப் போய்ச் சேரும்! பூட்டைப் பார்த்து ஆட்கள் ஏமாறுவதால் குரோம் 2023இல் முகவரிப் பட்டையிலிருந்து அதை எடுத்தே விட்டது. பக்கத்துக்குள் இருக்கும் பூட்டோ வெறும் படம். '256 பிட்' பெருமையும் அப்படித்தான், அந்தத் தரக் குறியாக்கம் இப்போது சாதாரணத் தளங்களிலும் உண்டு.

முகவரியில் 'எச்டிடிபிஎஸ்://' என்பதைத் தாண்டி வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் உள்ள பெயரைப் பாருங்கள். தெரிந்த கடையின் பெயர் இடப்பக்கம் எங்கோ ஒட்டியிருந்து, முடிவு வேறாக இருந்தால் மூடிவிடுங்கள். பெயர் சரியென்றாலும் பாதி விலை எனக்கு உறுத்துகிறது. பொருள் வீட்டுக்கு வந்தபின் காசு தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள், மறுத்தால் வேண்டாம். ஓடிபி இலக்கத்தைப் போனில் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஏற்கெனவே விவரம் கொடுத்திருந்தால், அட்டையின் பின்புறமுள்ள இலக்கத்துக்கு அழைத்து உடனே அட்டையை முடக்கச் சொல்லுங்கள். உண்மையான கடை பழுதான பொருளைத் தந்து இழுத்தடித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடலாம். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.